சிவப்புப் புள்ளி விழுந்த அறை

ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுப்பவளுக்குத் தான் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்திலேயே ஒரு சிவப்புப் புள்ளி. படங்களைக் கட்டட விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கணினி நிரல் வைத்த புள்ளி அது. அந்த நிரல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். கீழ்த்தளப் படுக்கையறையின் ஜன்னல், தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றது. தையல்காரியான மாமியாருக்கென்று ஒதுக்கிய அறை. "சரி, வர்றேன்" என்று அவர் வாயிலிருந்து வரவழைக்கவே மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஜன்னலை அகலமாக்க மாடிப்படி இடம் விடவில்லை. படியை நகர்த்தினால் அவளுடைய வேலை அறையில் பாதி போய்விடும். அறைமேல் எழுதிய பெயரை வைத்துத்தான் நிரல் விதியைத் தேடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ‘படுக்கையறை’ என்பதை அழித்து ‘சாமான் அறை’ என்று போட்டாள். சாமானுக்கு எதற்கு வெளிச்சம்? புள்ளி பச்சையானது. பெரிய கெட்டிக்காரிதான்.

மாலையில் மாமியார் வந்திருந்தார். படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள்.

"இதுல என் அறை எது?"

"இதாம்மா" என்று விரலை வைத்தான் கணவன், விவரம் தெரியாமல்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "சாமான் அறை."

"அது சும்மா, அத்தை. ஜன்னல் சின்னதுன்னு கம்ப்யூட்டர் ஒத்துக்கல. அதான் பேரை மாத்தினேன்."

"ஊசியில நூல் கோக்க எனக்கும் அது பத்தாதும்மா" என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை. "நான் இருக்கிற இடத்துலயே இருந்துக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அத்தையை முன்பின் தெரியாத ஒரு நிரலுக்கு இருந்த அக்கறை தனக்கு இல்லாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் முதல் வேலையாகப் படியை நகர்த்தினாள். அவளுடைய அறையில் ஒரு மேசைக்குத்தான் இடம் மிஞ்சியது. ஜன்னலை ஆறடியாக்கி, அன்பு மேலிட ‘அத்தை அறை’ என்று எழுதினாள். அப்படியொரு அறை விதியில் இல்லையென்று மறுபடியும் சிவப்பு. சிரித்துக்கொண்டே ‘படுக்கையறை’ என்று திருத்தினாள். பச்சை.

போனில் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"உன் சாமானெல்லாம் எங்க வைப்ப?"

"பாத்துக்கலாம், அத்தை."

"என் அறையில வச்சுக்கோ." உடனே அடுத்த கேள்வி வந்தது. "ஜன்னல் ஆறடின்னா சொன்ன?"

"ஆமா, அத்தை."

"அப்ப பன்னெண்டடி துணி எடுக்கணும். திரைக்குச் சுருக்கம் வைக்கணுமில்ல."