பின்னல் சொன்ன விலை

மாட்டிறைச்சி விலை ஏறினால் விலை எடுப்பவளின் பின்னல் நீளும், இறங்கினால் சுருங்கும். கடைகளில் விலை கேட்டு எழுதி வரும் வேலைக்கு அவள் புள்ளிவிவர அலுவலகத்தில் சேர்ந்த வாரமே இது தொடங்கியது, யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மீன் விலை காற்றுக்கு மாறும், காய்கறி விலை மழைக்கு மாறும். மாட்டிறைச்சிக்குள் தீவனம், டீசல், ஐஸ், கடை வாடகை, வெட்டுகிறவரின் கூலி எல்லாம் அடங்கிக் கிடந்ததால் ஊரின் விலைவாசியை அதை வைத்தே கணித்தார்கள். ஆலைகளில் சம்பளம் ஏற்றுவதும் அதை வைத்துத்தான்.

அந்தப் பின்னலைத் தினமும் பின்னிவிடுவது மகளின் வேலை. சீப்பு எங்கே போய் நிற்கிறது என்பதை வைத்து ரேடியோவுக்கு முன்பே அவளுக்கு விலை தெரிந்துவிடும். பள்ளியில் ‘முடிக்காரி மக’ என்று கேலி செய்தார்கள்; அவளுக்கு அதில் உள்ளூரக் கர்வம்தான். அம்மாவின் தொழிலில் ஒரே ஒரு கட்டளை உண்டு: விலை கேட்கிற கடையில் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினால் கடைக்காரர் சலுகை காட்டுவார், எண் கெட்டுவிடும். ஆகவே அம்மா பல வருஷங்களாக அதே கசாப்புக்கடையில் ‘எலும்பில்லாதது’ என்ற பலகையின் முன் நின்று விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த தெருவில் கோழி வாங்கி வந்தாள்.

அந்த வருஷம் பலகையில் விலை அசையவே இல்லை. பின்னலோ முழங்காலைத் தொட்டது, கணுக்காலைத் தாண்டியது; அம்மா சமையலறைக்குள் போன பிறகும் அதன் நுனி கூடத்தில் கிடந்தது. பலகை ஒன்று சொல்ல முடி ஒன்று சொன்னால் அலுவலகம் என்ன செய்யும்? எழுத்தில் இருப்பதை நம்பியது. “வெள்ளிக்கிழமை ஆபீஸ்லயே பின்னல வெட்டிடலாம். முடியாதுன்னா வேலையை விட்டுடுங்கம்மா” என்றார் அதிகாரி. அம்மாவுக்கும் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. “என் தலைக்குத்தாண்டி ஏதோ கோளாறு” என்றாள். அம்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனால் அந்த முடி ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகாமல் மகள் கசாப்புக்கடைக்குப் போய் எலும்பில்லாதது ஒரு கிலோ கேட்டாள்.

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்றார் கடைக்காரர்.

“தெரியாது மாமா.”

“அப்போ நானும் உன்னப் பாக்கல.”

தெருமுனையில் திரும்பும்போது பொட்டலம் சுவரில் இடித்து ‘டக்’ என்றது. வெறும் சதை அப்படிச் சத்தம் போடாது. அவள் ஓட்டமெடுத்தாள்.

அலுவலகத்தில் மேஜைமேல் கத்தரிக்கோல் தயாராக இருந்தது, அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். “சார், நான் வாங்கினது தப்புதான். அம்மாமேல பழி போடாதீங்க. தயவுசெஞ்சு பிரிச்சுப் பாருங்க” என்றாள் மகள், பொட்டலத்தை மேஜைமேல் வைத்து. அந்த நிலையிலும் அம்மா நிமிர்ந்து கேட்டது, “அந்தக் கடையிலயாடி வாங்கின?” என்பதுதான்.

கடிதம் எடை போடுகிற தராசில் அதிகாரி எலும்பைத் தனியாகவும் சதையைத் தனியாகவும் நிறுத்தார். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எலும்பு. சதைக்கு மட்டும் என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, நாடாவைப் பிடித்துப் பின்னலை அளந்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை. கூப்பிட்டு விசாரித்தபோது கடைக்காரர் கூச்சப்படவும் இல்லை: “விலைய ஏத்தினா ஜனங்க திட்டுறாங்க சார். எலும்ப ஏத்தினா யாரும் வாயத் தொறக்கல, தெருநாய்ங்ககூட வாழ்த்துதுங்க.”

அந்த மாதமே ஆலைகளில் சம்பளம் ஏறியது. விலை எடுப்பவர்கள் இனி வாங்கி, எலும்பை நீக்கி, நிறுத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டளையை மீறியதற்காக அம்மா மகளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் அவள் செய்ததைச் சொல்லிவிட்டு வந்தாள், வாசலுக்கு வாசல் பின்னல் பின்னால் இழுபட்டு வர.

அதன் பிறகும் விலை ஏறியது. பின்னி முடிக்க நேரமாகி மகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். ஆசிரியை காரணம் கேட்கவில்லை. “இன்னிக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். மகள் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பின்னல் நீண்ட அளவைக் காட்டினாள். வகுப்பு முழுவதும் குறித்துக்கொண்டது.