அக்கா கை தவறியது

பெரியவள் அரசு மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேதியியலாளர். தங்கையின் கணவரும் வேதியியலாளர்தான். ஆனால் டானிக் கம்பெனியில். அவர்கள் தயாரிப்பதை இவள் சோதிப்பாள். ஆகவே தங்கைக்குக் கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: வீட்டில் வேலைப் பேச்சு கிடையாது. விலைவாசி பேசலாம், ஊர் வம்பு பேசலாம், மாமியாரைக்கூடப் பேசலாம்.

அந்த ஞாயிறன்று தங்கை வீட்டில் சாப்பாடு முடிந்ததும், டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்தாரென்று தங்கை, கணவரின் கம்பெனி டானிக்கைக் குழந்தைக்குக் கொடுக்க எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். பெரியவளின் கண் லேபிளில் நின்றது. அதே டானிக்கின் ஒரு பேட்ச், போன வாரம்தான் அவள் சோதனையில் தோற்றிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் கரைப்பான் ஒன்று கலந்திருந்தது. மறுசோதனை முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது விதி. முன்கூட்டித் தெரிந்தால் கம்பெனி கடைச்சரக்கை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும்.

தண்ணீர் எடுப்பவள்போலக் கையை நீட்டினாள். பாட்டில் சரிந்து உருண்டு, டானிக் தரையெல்லாம் ஓடியது.

"என்னக்கா, சின்னப்புள்ள மாதிரி," என்று அலுத்துக்கொண்டே தங்கை துணி எடுக்க உள்ளே போனாள்.

தங்கையின் கணவர் அசையவில்லை. சொட்டுப் பிசகாமல் அளந்தே பழகிய கை பெரியவளுடையது. அந்தக் கை தானாகச் சிந்தாது என்பது அதே தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா?

"எந்த பேட்ச், அக்கா?" என்றார் மெதுவாக.

பெரியவள் வாயே திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. அவர் போனை எடுத்தார், வைத்தார். கம்பெனி கரைப்பானை வேறிடத்தில் வாங்கத் தொடங்கியபோதே தான் சோதிக்கக் கேட்டதையும், மேலே இருப்பவர்கள் தட்டிக்கழித்ததையும் சொன்னார்.

"நான் சொன்னா ஒளிக்கத்தான் பார்ப்பாங்க. சொல்லாம இருந்தா, நாளைக்கும் யாரோ ஒரு குழந்தை குடிக்கும்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தங்கை வீட்டுப் பாட்டிலைத் தட்டிவிட்டாயிற்று. மற்ற வீடுகளில் தட்டிவிட யார் இருக்கிறார்கள்? அங்கேயே தன் பரிசோதனைக்கூட இயக்குநரைப் போனில் அழைத்தாள்.

"சார், அந்த டானிக் விஷயம் கம்பெனி ஆளுக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிய வச்சது நான்தான். இனிமே காத்திருந்தா சரக்கு இடம் மாறிடும். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

மறுமுனையிலிருந்து வசை வந்தது. விசாரணை உண்டு, அந்தக் கோப்பை இனி நீ தொடக்கூடாது என்றார். கடைசியில், தற்காலிகத் தடையை உடனே அனுப்புவதாகச் சொல்லி வைத்தார்.

தங்கை துணியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்தும் கொடுத்தேனேக்கா."

பெரியவள் எழுந்து செருப்பை மாட்டினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பயப்படாதே என்றாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கம்பெனியிலிருந்து வந்த அழைப்பில் அவருடைய போன் மேசைமேல் அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.