பதினோரு படுக்கையறை வீடு

அந்த வீட்டில் பதினோரு படுக்கையறைகள். முதலாளி வருடத்தில் நாலு நாள் வந்து தங்கினால் அதிகம். ஆனாலும் வீட்டைப் பார்த்துக்கொள்பவள் வாரம் தவறாமல் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றிவிடுவாள். மதியத்தில் நீச்சல்குளத்து வெளிச்சம் மேலேறி வந்து அறைகளின் விட்டத்தில் நெளியும். தண்ணீருக்கடியில் நடமாடுவதுபோல் இருக்கும் அவளுக்கு.

அப்படியொரு மதியம் மணி அடித்தது. வாசலில் கருத்துக்கணிப்புக்காரப் பெண், செருப்புக் கடித்த காலை மாற்றி மாற்றி வைத்தபடி.

"ஐயா ஊர்ல இல்லம்மா."

"உங்க கருத்தே போதும்க்கா. இந்தத் தெருவுல யாருமே கதவைத் திறக்கல."

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வயது, படிப்பெல்லாம் எழுதிக்கொண்டபின் அந்தப் பெண் கேட்டாள்: "கோடி கோடியா வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் வரியை ஏத்தணும்னு சொல்றாங்க. சரியா, தப்பா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா? என் மக ஆபரேஷன் செலவு மொத்தமும் ஐயா குடுத்தது. தங்கமான மனுசன்."

"அப்ப தப்புன்னு போட்டுடவா?"

பேனா தாளைத் தொடப் போனது.

"இரு." அவள் விட்டத்தைப் பார்த்தாள். அங்கே வெளிச்சம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு. என் மக வயசுதான், அதே வியாதி. அவங்கம்மா வீடு பெருக்கற இடத்துல இப்படி ஒரு ஐயா இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்." தாளைக் கைகாட்டினாள். "சரின்னே போடு."

"பத்துப் பேரைக் கேட்டா எட்டுப் பேர் இதைத்தான் சொல்றாங்கக்கா."

"அப்புறம் ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க?"

"கேக்கறதோட என் வேலை முடிஞ்சுடுதே!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் சொக்குவதைப் பார்த்து, மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டிலைக் காட்டினாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். அடுத்த அறைக் கட்டிலில் அவளும் தலையைச் சாய்த்தாள். இங்கே வேலைக்கு வந்த பதினாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மெத்தை அவளை மெதுவாக உள்வாங்கிக்கொண்டது. மிதக்கிறோமா, மூழ்குகிறோமா என்று தெரியாமலே கண்ணயர்ந்தாள்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பதறியடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து விரிப்புகளை மாற்றினார்கள்.

"என் பேரை எழுதிக்கிட்டியா?" என்றாள் வாசலில்.

"பேரெல்லாம் வேண்டாம்க்கா. யார் சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க."

"பரவால்ல, ஓரமா எழுதிக்கோ."

ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.