இருபத்து நாலாயிரம் சுற்று

உடைந்த ஸ்பிண்டில் கோணிச்சாக்கில் சுற்றித் திரும்பி வந்தது. ஜஸ்டின் சாக்கைப் பிரித்தார். உள்ளே பேரிங் குண்டுகள் கருநீலமாக வெந்து தண்டோடு ஒட்டிப்போயிருந்தன. பத்து நாள் முன்பு அதற்குப் புது பேரிங் போட்டு, நிமிடத்துக்கு இருபத்து நாலாயிரம் சுற்று வரை ஓட்டி, காது கொடுத்துக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று சீட்டு எழுதியவர் அவர்தான். திருமயம் சாலையில் ஒரு கிரைண்டிங் பட்டறைக்குப் போயிருந்தது. நேற்று முன்தினம் ஓட்டத்திலேயே இறுகி, அது சுழற்றிக்கொண்டிருந்த சாணைக்கல் வெடித்ததில் ஆபரேட்டர் நாகராசுவுக்கு வலது கண் போய்விட்டது.

ஜஸ்டின் வேலை பார்க்கும் ஸ்பிண்டில் சர்வீஸ் கம்பெனியில் அதிர்வு மீட்டர் கெட்டு ஒரு வருடம் இருக்கும். "ஜஸ்டின் காது இருக்கையில மீட்டர் எதுக்கு?" என்று முதலாளி ஆத்மநாதன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் காதுக்குத்தான் ஈஸ்டர் பூசையில் பீடத்துச் சிறுமணி கேட்கவில்லை. எல்லோரும் மண்டியிட்ட பிறகும் இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பேச்சு கேட்கும், கீச்சென்ற சத்தங்கள் இனிமேல் கேட்காது, வேறு வேலை பாருங்கள் என்றார் தஞ்சாவூர் டாக்டர். நாற்பத்தெட்டு வயதில் எந்த வேலையைப் பார்ப்பது? வீட்டில்கூடச் சொல்லாமல், ஸ்பிண்டிலின் வெளிக்கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூட்டையும் நடுக்கத்தையும் பார்த்தே நாளை ஓட்டிவிட்டார்.

இப்போது நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"சார், எனக்குக் காது கேக்கலை. பேரிங் டெஸ்ட்லயே விசில் அடிச்சிருக்கும். எனக்குத் தெரியலை."

ஆத்மநாதன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லிராதீங்க. ஒங்களுக்கும் பொழப்பு இல்ல, எனக்கும் இல்ல. ஆபரேட்டர் வேகத்தைக் கூட்டிட்டான்னு பட்டறைக்கு லெட்டர் போயிருச்சு. அங்கிட்டு ரெண்டு ஸ்பிண்டில் ரெடியா இருக்கு, பாத்து அனுப்புங்க."

ஜஸ்டின் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பாதி முகம் கட்டோடு படுத்திருந்த நாகராசு அவரைக் கண்டதும் எழப் பார்த்தான். பட்டறையிலிருந்து ஸ்பிண்டில் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போகிறவன் அவன்தான். அவன் மனைவி புவனேஸ்வரி தலையணையைச் சரிசெய்தாள்.

"என் தப்புதாண்ணே," என்றான் நாகராசு. "காலையிலேருந்தே விசில் மாதிரி ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. நிறுத்திருவோமான்னு நெனச்சேன். அப்பறம், நீங்க கேட்டு அனுப்புனதாச்சே, ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

ஜஸ்டின் குனிந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது."

நாகராசு சங்கடத்தோடு சிரித்தான். தலையை அவர் பக்கம் நகர்த்தி, வாயருகே கையைக் குவித்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி மறுபடி சொன்னான்.

"நீங்க கேட்டு அனுப்புனதாச்சேன்னு விட்டுட்டேண்ணே!"