வெயில் பக்கத்தில் முப்பத்தேழு

அண்ணி மாடிப்படியில் கால் தவறி விழுந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட வாரத்தில்தான், கடல் நன்றாக உள்வாங்கும் மூன்று நாட்களும் வந்து தொலைத்தன. கடலாய்வு அலுவலகத்தில் அவளுடைய வேலையே அந்த நாட்களில் பாறைகளுக்கு இறங்கி லிம்பெட்டுகளை எண்ணுவது. லிம்பெட் என்றால் வேறொன்றுமில்லை, ஒற்றை ஓடு தொப்பி மாதிரி மேலே கவிழ்ந்திருக்க, பாறையைக் கெட்டியாகப் பிடித்துக் கிடக்கும் கடல் நத்தை. அலுவலகத்தில் மாற்று ஆள் இல்லை. கடைசியில் நாத்தனார் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தாள்.

அண்ணி மேலே சிமெண்டுப் பாதையில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பதிவேட்டோடு உட்கார்ந்தாள். தையற்காரி சதுரக் கம்பிச் சட்டத்தைப் பாறையில் வைத்து, அதற்குள் எத்தனை என்று எண்ணிக் குரல் கொடுக்க வேண்டும்.

“எண்ணினா போதும். ஆராய்ச்சியில இறங்கிடாத,” என்றாள் அண்ணி.

பதினைந்து வருடம் துணி அளந்த கண் சும்மா இருக்குமா? மேட்டில் இருந்தவற்றின் ஓடு கூம்பாக உயர்ந்திருந்தது. தண்ணீரை ஒட்டியவை தட்டையாகப் பரந்திருந்தன. நத்தை இருந்து காலியான ஒரு தடத்தைத் தடவிப் பார்த்தாள். ஓட்டின் விளிம்பு எப்படி நெளியுமோ அப்படியே பாறை தேய்ந்திருந்தது.

“அண்ணி, இதுங்களுக்கு யாரு அளவெடுக்கறா?”

“பாசிய மேஞ்சிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து உக்காரும். உக்காந்து உக்காந்து ரெண்டும் பொருந்திப் போயிடும். அடுத்த சட்டத்த வை.”

இரண்டாம் நாள் பெரிய பாறையைச் சுற்றி வந்தாள். நிழல் பக்கம் ஒரு சட்டத்துக்கு முப்பது, நாற்பது. வெயில் பக்கம் ஒன்று, இரண்டு, அதுவும் வெடிப்புக்குள் ஒடுங்கிக்கொண்டவை. பாறை காய்ந்தால் அவை தாங்காது என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

“முப்பத்தாறு,” என்று கீழிருந்து குரல் கொடுத்தாள்.

“நிழல் பக்கம் போயிட்டியா?”

“இல்ல, வெயில் பக்கந்தான்.”

“வெயில்ல கண்ணு பூத்துப் போச்சா உனக்கு? திரும்ப எண்ணு.”

திரும்ப எண்ணினாள். முப்பத்தேழு. ஒன்றை விட்டிருந்தாள். அண்ணி எழுதவில்லை, பேனாவைக் கடித்தபடி யோசித்தாள்.

“படகுக் கொட்டகை நிழல் அந்தப் பக்கம் விழுதோ என்னவோ.”

அன்றிரவு தையற்காரிக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மூன்றாம் நாள் எண்ண வேண்டியதை எண்ணி முடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அந்தப் பாறை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கொட்டகையின் நிழல் பத்தடி தள்ளியே நகர்ந்து போய்விட்டது.

“வரல அண்ணி,” என்றாள். ஏமாற்றத்தோடு பாறையில் கை ஊன்றி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுற்றிலும் தோசைக்கல்லாகக் கொதித்த பாறை, அந்த இடத்தில் மட்டும் ஈரச் சுவராகக் குளிர்ந்தது.

மேலே ஏறிப் பார்த்தாள். கடல் ஏறும்போது நிரம்பிய சின்னக் குட்டை ஒன்று பாறை உச்சியில் கிடந்தது. ஒரு நூல் துணுக்கை அதில் போட்டாள். அது மெல்ல நகர்ந்து, ஓரத்தில் இருந்த மயிரிழை வெடிப்பில் போய் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையைச் சுருட்டி அந்த வெடிப்பில் அடைத்துவிட்டுக் கீழே ஓடிவந்தாள். கால் மணி நேரத்தில் கசிவு நின்று, ஈரப் பாறையின் மேல் ஓரம் காய்ந்து வெளிறத் தொடங்கியது. நத்தைகள் காய்ந்துவிடுமே என்று மறுபடி ஏறிக் கைக்குட்டையை உருவினாள். வெளிறிய ஓரம் திரும்பக் கறுத்தது.

“அங்க என்னதான் பண்ற?” அண்ணி எழுந்து ஊன்றுகோலோடு பாதையின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

“மேல குட்டை இருக்கு அண்ணி. நாள் பூரா சொட்டுச் சொட்டா இதுங்களுக்குத் தண்ணி காட்டுது.”

அண்ணி நாற்காலிக்குத் திரும்பி முப்பத்தேழு என்று எழுதினாள். பக்கத்தில் நாத்தனார் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டாள்.

“நாலு வருஷமா வரேன். அதுக்கு மேல ஏறிப் பாக்கணும்னு தோணவே இல்ல.”

தையற்காரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “இங்க ஈரம் இருக்குன்னு இதுங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? தேடிக்கிட்டு வந்துச்சா, இல்ல வந்ததுல இதுங்க மட்டும் பொழச்சுதா?”

“தெரியல,” என்றாள் அண்ணி. “கட்டு பிரிச்சாலும் அடுத்த மாசம் நீ வா.”