விசிலடித்த கதவு

பிலிப்பைன்ஸின் கிளார்க் விமான நிலையத்துப் பழுதுபார்க்கும் கொட்டகையில் மரிவிக் முதன்முதலாகத் தன் பொறுப்பில் சரிசெய்த விமானக் கதவு அது. தேய்ந்த கீல்களையும் வெடிப்புவிட்ட ரப்பர் பட்டையையும் கழற்றிப் புதிதாகப் போட்டிருந்தாள். இனி விமானத்துக்குள் காற்றை அடைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது கசிந்தால் விசில் சத்தம் கேட்கும். கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சாயங்காலம் விமானம் கிளம்பாது.

காற்று ஏறியது. கதவோர மேடையில் நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பக்கத்தில், அங்கே எல்லோருக்கும் அண்ணனான குயா பொன்சோ.

உய்ய்ய்...

"நிறுத்துங்க! காத்தை இறக்குங்க!" என்று விமானத்துக்குள் இருந்தவர்களிடம் மரிவிக் ரேடியோவில் கத்தினாள்.

காற்று முழுக்க இறங்கியது. விசில் மட்டும் நிற்கவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள். பொன்சோ கண்ணை மூடி, ஜெபமாலையை உருட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நேற்று கட்டிய புதுப் பல்செட்டின் இடுக்கு வழியாக ஒவ்வொரு 'சாந்தா மரியா'வும் விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"குயா! கசியுறது கதவில்ல, உங்க வாயி!"

"உன் கதவுக்காகத்தானடி வேண்டிக்கிறேன், நன்றி கெட்டவளே!"

"மனசுக்குள்ள வேண்டுங்க! மாதாவுக்கு அதுவும் கேக்கும்."

கீழே நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அவரு பல்லுக்கும் ஒரு ரப்பர் பட்டை போட்டுவிடு மரிவிக்!" என்றான் ஒருவன்.

மறுபடி காற்று ஏறியது. பொன்சோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டகையே மூச்சைப் பிடித்து நின்றது. சின்னச் சத்தம்கூட இல்லை. "பிரஷர் மீட்டர் முள்ளு அசையவே இல்ல!" என்று உள்ளேயிருந்து ரேடியோ அலறியது.

மரிவிக் மேடை அதிரக் குதித்தாள். குதித்த வேகத்தில் பொன்சோவையும் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.