முதல் குலவை

இரண்டு வருடமாக என் பெண்சாதி என்னைத் திட்டவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் எங்கள் ஊரான கோச்சடையில் பாதிப் பேர் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். தங்கப்பொண்ணுக்கு வாய் முழுக்கப் புண், ஈறெல்லாம் வீக்கம். ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று வரும். சோற்றைக் கரைத்துக் குடிப்பாள், சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வாள். பேச்சில்லாத அந்த வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவளுக்கு வேறொரு வருத்தம். எங்கள் வயலில் நடவு தொடங்கும்போது முதல் குலவை அவளுடையது. நாக்கு இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அடித்தால்தான் குலவை. புண் வந்தபின் இரண்டு நடவுக்கும் என் தம்பி பெண்சாதி ஒச்சாயிதான் போட்டாள். "அடுத்த நடவுக்கும் முடியலன்னா, பெறகு எப்பவும் நானே போட்டுக்கிறேங்க்கா" என்று போன வருடமே சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தங்கப்பொண்ணு சாப்பிடவில்லை.

வலி மரத்துப்போகட்டும் என்று டவுனுக்குப் போகும்போதெல்லாம் நல்ல காரப் புகையிலையாகப் பார்த்து வாங்கி வருவேன். வெற்றிலையோடு அடக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் வலி தெரியாது. என் பாசத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

ஆடியில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாள். வெற்றிலை வாடையே குமட்டியதால் தொடவில்லை. எழுந்த அன்று கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தவள், என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாதிப் புண் ஆறியிருந்தது. புகையிலைப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாள். எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

வெற்றிலைப்பெட்டி பரணுக்குப் போனது. வாய்க்கால் மேட்டில் மணத்தக்காளிக் கீரை பறித்து வருவது என் வேலை. காலையில் பச்சையாக மெல்வாள், மத்தியானம் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் குடிப்பாள், பொழுது சாயக் கடுக்காய்த் தண்ணீரில் கொப்பளிப்பாள். புகையிலை ஆசை வந்தால் இன்னொரு வாய் கீரையைத் திணித்துக்கொள்வாள். வெட்கப்பட்டு நானும் புகையிலையை விட்டேன்.

புரட்டாசியில் நடவு. ஒச்சாயி வாயைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் நாற்றுக்கட்டோடு வரப்பில் நின்றேன். தங்கப்பொண்ணு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முதல் நாற்றை ஊன்றிவிட்டு வாயருகே கை வைத்தாள்.

எழும்பியது பாருங்கள் ஒரு குலவை! வைகைக் கரைக் கொக்கெல்லாம் கலைந்து பறந்தன. ஒச்சாயியே தன்னை மறந்து சேர்ந்து போட்டாள். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

முடித்த மூச்சோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, எம்புட்டு நேரமா நாத்துமுடியக் கையில வச்சுக்கிட்டு வாயப் பொளந்து நிக்கிற? வீசுய்யா இங்கிட்டு!"

வயலே சிரித்தது. நான் உடனே வீசவில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டட்டும் என்று நின்றேன். நாற்றுமுடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.